பொட்டு வைத்த ஃபுல்ஸ்டாப்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு இடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். “கால ஆட்டாதடி, வீட்டுல இருக்கிற லச்சுமி எந்திரிச்சுப் போயிருவா” என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். நம்ம வீட்டுல போறதுக்கு எந்த லச்சுமி இருக்கா என்று நான் கேட்பேன். அதற்கு இன்னொன்று விழும். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகை நிமிர்த்தி, கண்ணைப் புத்தகத்தை விட்டு எடுக்காமல் பத்து விரலை மட்டும் ஆட்டு என்று சொன்ன இடம் திண்டுக்கல்லில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அறுபதுகளின் தொடக்கம் அது.

நாங்கள் அகரத்துக்காரர்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் கிணற்றுப் பாசனம். கத்திரி, மிளகாய், வரப்போரமாகக் கனகாம்பரம். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான் என்பதில் அப்பாவுக்குப் பெருமை பாதி, பயம் பாதி. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சித்தையன்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் தூரத்துச் சொந்தம் ஒன்று பெண் கேட்டு வந்தது. மாப்பிள்ளையை ஒரு காதுகுத்தில் பார்த்திருக்கிறேன். பந்தி முடியும்வரை இலையை விட்டுத் தலையைத் தூக்காத ஆள். எனக்கு வேண்டவே வேண்டாம். இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை தேறினால் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பேர் பதியலாம், சர்க்கார் வேலை கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். பட்டினி கிடந்தேன். கிணற்றடியில் போய்ச் சும்மாவாவது நின்றேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

“ஒரே ஒரு பரீச்ச. தேறிட்டேன்னா உன் இஷ்டம். தேறலேன்னா தை பொறந்ததும் சித்தையன்கோட்டைக்காரவுகளோட வெத்தல பாக்கு மாத்திருவேன். அப்பொறம் மூக்கச் சிந்தக் கூடாது.”

அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று வாயை மட்டும் அசைத்தாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள் அவள். அவளால் முடிந்தது அந்த வாயசைப்புதான். நான் சரி என்றேன்.

இன்ஸ்டிட்யூட் ஒரு தோல் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது. படி ஏறும்போதே தோல் வாடை மூக்கைப் பிடுங்கும். மேலே போனால் அந்த வாடையோடு எண்ணெய், ரிப்பன் மை, வியர்வை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நடத்தியவர் ஒரு ராவுத்தர். எல்லோரும் பாய் சார் என்போம். சாந்தமான மனிதர்தான், ஆனால் மெஷினில் யாராவது ஓங்கி அடித்தால் மட்டும் அவருக்கே அடி விழுந்ததுபோலத் துடித்துப்போவார். நானோ அடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாதவள்.

முதல் பாடம் என்ன தெரியுமா? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தமிழ்நாட்டில் டைப் படித்த அத்தனை பேரும் தூக்கத்தில்கூட இதைச் சொல்வார்கள். வலது சுண்டு விரலுக்கு அடியில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தது செமிகோலன். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட உபயோகித்திராத குறி அது. எங்கே போடுவது, எதற்குப் போடுவது என்று டீச்சருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அது இங்கே அம்மா அப்பாவுக்கு முந்தி வந்து நிற்கிறது. பக்கம் பக்கமாகச் செமிகோலன் அடித்தோம். ஒரு வாரம் கழித்து நான் பாய் சாரிடம் கேட்டேன், “இது என்னத்துக்கு சார்?”

“சுண்டு வெரலுக்கு வேல வேணாமா?” என்றார் அவர். அதோடு பதில் முடிந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சட்டங்கள் வந்தன. கமா போட்டால் ஒரு இடம் விடு. ஃபுல்ஸ்டாப் போட்டால் இரண்டு இடம் விடு. எங்கள் மெஷின்களில் ஆச்சரியக்குறிக்குத் தனி கீ கிடையாது. மேலே தொங்கும் ஒற்றைக் குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அதற்கு அடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆச்சரியப்படுவதற்கு மூன்று அடி. அதற்குள் ஆச்சரியமே போய்விடும். ஒன்று என்ற எண்ணும் கிடையாது. சின்ன ‘எல்’ எழுத்தை அடித்து ஒன்று என்று நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். கால் ஸ்டூலுக்கு அடியில் ஆடும். ஃபுல்ஸ்டாப் வரும்போதெல்லாம் அந்த எரிச்சல் முழுவதும் வலது மோதிர விரலுக்கு இறங்கிவிடும். ஃபுல்ஸ்டாப்பின் எழுத்து முனை சின்னது. ஓங்கி அடித்தால் தாளைக் குத்திக்கொண்டு போய்விடும்.

பாய் சார் ஒருநாள் என் தாளை உருவி ஜன்னலுக்கு எதிராகப் பிடித்தார். வாக்கியத்துக்கு ஒன்றாக வெளிச்சம் எட்டிப் பார்த்தது. “யா அல்லா! ஏம்மா, டைப் அடிக்கச் சொன்னா இடியாப்பத் தட்டு செஞ்சு வச்சிருக்கே?” என்றார். வகுப்பே சிரித்தது. “புள்ளிய அடிக்கக் கூடாதும்மா, தொடணும். புள்ள கன்னத்தத் தொடுற மாதிரி.” எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஓலையில் எழுதிய நம் ஆட்கள் புள்ளி வைப்பதையே பல நேரம் விட்டுவிடுவார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று பிற்பாடு எங்கேயோ படித்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் பாய் சாருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

பயிற்சிப் புத்தகத்தில் பாடங்களுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒரு பக்கம் தேனீ வளர்ப்பு, அடுத்த பக்கம் லண்டன் மூடுபனி, அதற்கடுத்து நிலக்கரி. அதற்குள் ஒரு பாடம் இந்தக் குறிகளெல்லாம் வந்த கதை. அதை நான் அடித்த கணக்குக்கு அளவே இல்லை. முதலில் விரலுக்குத்தான் தெரிந்தது, மண்டைக்கு ஏற நாளாயிற்று. ஏறியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கதை இதுதான். ஆதியில் சீமைக்காரர்களின் எழுத்தில் புள்ளியும் கிடையாது, வார்த்தைக்கு நடுவில் இடைவெளியும் கிடையாது. அய்யலூர் சந்தைக்குப் போகும் ஆட்டு மந்தை மாதிரி எழுத்தெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகும். வாசிக்கிறவன் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் திணறுவான். ஒரு பெரிய நூலகத்தைப் பார்த்துக்கொண்ட கிரேக்கர் ஒருவர் இதற்கு ஒரு வழி செய்தார். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் செத்த நேரம் மூச்சு வாங்கு. அடியில் வைத்தால் இன்னும் கொஞ்சம். உச்சியில் வைத்தால் சோலி முடிந்தது. இன்றைக்குத் தரையில் கிடக்கிற ஃபுல்ஸ்டாப் அன்றைக்கு உச்சாணியில் உட்கார்ந்திருந்திருக்கிறது! வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டதோ அயர்லாந்துச் சாமியார்கள். அவர்களுக்கு லத்தீன் தாய்பாஷை இல்லை, நம்மைப்போல முட்டிமோதிப் படித்தவர்கள். அதனால்தான் அவர்களுக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது. அப்புறம் வெனிஸ் பட்டணத்து அச்சுக்காரர் ஒருவர் புள்ளிக்கு அடியில் கமாவைத் தொங்கவிட்டுச் செமிகோலன் செய்தார். என் சுண்டு விரலைப் பிடித்த சனி அங்கேயிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

லத்தீனில் கேள்வி என்ற சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மேலும் கீழுமாக வைத்ததில் கேள்விக்குறி வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள், அது வெறும் கதைதான் என்று இன்னொரு கட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் அச்சு வந்த பிறகும் நெடுங்காலம் அவரவர் இஷ்டத்துக்குத்தான் குறி போட்டார்கள். மூச்சு வாங்குவதற்கா, அர்த்தம் பிரிப்பதற்கா என்றே அவர்களுக்குள் சண்டை. வக்கீல்கள் பத்திரத்தில் குறியே போடாமல் விட்டார்கள், எவனாவது நடுவில் ஒரு கமாவைச் செருகிச் சொத்தைத் தின்றுவிடுவான் என்று பயந்து.

இதை நான் அம்மாவிடம் சொன்னது ஒரு மத்தியானம். மறுநாள் சந்தைக்குக் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தோம். என் சரம் எப்போதும் போல ஓரிடம் நெருக்கமும் ஓரிடம் இடைவெளியுமாக இருந்தது. “இம்புட்டு கூத்தும் அடிச்சிட்டு வந்தவன்தேன்மா அந்தச் சீமைக்காரன். எவனோ மூச்சு வாங்க வச்ச புள்ளி. அத நான் ஒரு எடத்துல விட்டா மார்க்க வெட்டுறான். இது எந்த ஊரு நாயம்?”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கைநாட்டுத்தான். ஆனால் இதை அவள் பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “நமக்குப் புள்ளி வச்சாத்தேன் கோலமே ஆரம்பிக்கும். அவனுக்குப் புள்ளி வச்சா முடிஞ்சு போச்சாக்கும்? நல்ல கூத்துதேன்” என்றாள். திரும்பப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டு, “சரி, அதுல எது புள்ள ரொம்ப முக்கியம்?” என்றாள்.

“ஃபுல்ஸ்டாப்புதேன். அந்தப் புள்ளி. அத விட்டா முன்னாடி இருக்கிறதும் முடியாது, பின்னாடி இருக்கிறதும் ஆரம்பிக்காது. நெறைய எடத்துல விட்டா அம்புட்டுதேன், சித்தையன்கோட்டைக்குத் தேங்கா உரிக்கப் போக வேண்டியதுதேன்.”

“வாயக் கழுவு” என்றாள் அம்மா. ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தாள். “அது மிசினுல எங்கன இருக்கும்?”

“கீழ் வரிசையில, சோத்துக் கை பக்கம்” என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். எனக்குத்தான் உட்கார வராதே.

ஆயுத பூசை வந்தது. அடுத்த வாரம் பரீட்சை. பாய் சார் பூசைக்குத் தடை சொல்ல மாட்டார். எங்கள் ஊரில் அது வழக்கம்தான். தொழில் செய்கிற இடமென்றால் பூசை போட்டாக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே மண்டியில் போய் உட்கார்ந்துகொள்வார். “உங்க பூசய நீங்க நல்லாப் பண்ணுங்க. மிசினு மேல தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கங்க” என்பது மட்டும்தான் அவர் பேச்சு. மெஷின்களை வரிசையாக வைத்து, மேல்மூடியில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். அந்த வருஷம் தாய்மார்களும் வரலாம் என்றார்கள். அம்மா வந்தாள். விடிகாலையில் எழுந்து சந்தனக் கட்டையை உரசி, கெட்டியாக ஒரு கிண்ணம் கொண்டு வந்தாள். அவளுக்கு டவுனுக்கு வருவதே அபூர்வம். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

நான் கீழே பொரி, சுண்டல் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். பாய் சாருக்கும் மண்டி ஆட்களுக்கும் பொட்டலம் கட்டி நீட்டிக்கொண்டிருந்தேன். மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். “எல்லாரும் மூடி மேலதேன் வச்சாக. மூடியா பரீச்ச எழுதப்போகுது? நான் உன் மிசினத் தொறந்து உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் வச்சுட்டேன். அந்தப் புள்ளிக்கு மட்டும் கூட ஒரு அப்பு அப்பி, குங்குமமும் வச்சேன்” என்றாள். பரீட்சை மெஷினாயிற்றே! பூசையன்று தொடக் கூடாது, விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ராத்திரி பாயில் புரண்டதுதான் மிச்சம்.

விஜயதசமியன்று மூடியைத் திறந்தால், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதைதான். விசிறி மாதிரி அடுக்கியிருக்கும் எழுத்துக் கம்பிகள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம். வரிசை பிசகாமல், அவ்வளவு அழகாக. காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஒரு வரி அடித்துப் பார்த்தேன். வட்டம் இருக்கிற எழுத்தெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்பு அப்பளமாக விழுந்தது. ஃபுல்ஸ்டாப் கம்பி நெற்றியிலிருந்து அடிவரை மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. படிக்கத் தெரியாதவள், கீயின் மேல் இருந்த புள்ளியைப் பார்த்து, அதை லேசாக அழுத்தி, எந்தக் கம்பி எழும்புகிறது என்று கண்டுபிடித்து அப்பியிருக்கிறாள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான்.

பாய் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் குண்டூசியும் எடுத்துவந்து என்னோடு உட்கார்ந்தார். மத்தியானம்வரை ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி எடுத்தோம். “அம்மாவ ஏசாதே. அவுகளுக்கு எப்புடித் தெரியும்?” என்றார். சாயங்காலம் மெஷின் ஒழுங்காக ஓடியது. அந்த வாரம் முழுக்க ஓடியது. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவளும் தினம் நான் பஸ் ஏறும்போது, “புள்ளி நல்லா விழுகுதா?” என்று கேட்பாள். விழுது, விழுது என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

பரீட்சைக்கு மெஷின்களை நாங்களே கொண்டுபோக வேண்டும். டவுனில் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் போட்டிருந்தார்கள். பாய் சார் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மெஷின்களை ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி அனுப்பினார். ஐப்பசி மழை. விடிந்ததிலிருந்து நச்சுநச்சென்று பெய்துகொண்டிருந்தது. தார்ப்பாய்க்குள் ஈரம் ஏறியிருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கரைந்த சந்தனம் கம்பியின் அடி இடுக்கில் போய் ஒளிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அது ஈரத்தில் ஊறித் திரும்பவும் பசையாகிவிட்டது.

அம்மா என்னோடு வந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெட்டிக்கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டாள். என்னை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

மணி அடித்தது. பத்து நிமிஷம். ஹாலில் இருந்த அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த சத்தம். பாடம் ஏதோ பருத்தி விளைச்சலைப் பற்றி. முதல் வாக்கியத்தை முடித்து மோதிர விரலால் ஃபுல்ஸ்டாப்பைத் தொட்டேன், சத்தியமாகத் தொட்டேன், குத்தவில்லை. கம்பி மேலே போயிற்று. புள்ளி விழுந்தது. கம்பி திரும்பி வரவில்லை. தெரியாமல் அடுத்த எழுத்தை அடித்துவிட்டேன். அது இதன் மேல் போய் இடித்துச் சிக்கிக்கொண்டது. இரண்டையும் விரலால் பிரித்து இறக்கினேன். இரண்டாவது வாக்கியத்தின் முடிவிலும் அதே கதை. பக்கத்து மெஷின்காரப் பெண் தாளைத் தள்ளி மூன்றாவது வரிக்குப் போய்விட்டாள். கையைத் தூக்கினேன். சூப்பர்வைசர் வந்து பார்த்து, “மிசினு உங்க பொறுப்பும்மா. அடிங்க, நேரம் போகுது” என்று நகர்ந்துவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தால் பாதிப் பாடம்கூடத் தேறாது. பாடம் முடியாவிட்டால் அதோடு சரி. புள்ளியை விட்டால் மார்க் போகும், ஆனால் பாடமாவது முடியும். எது மேல் என்று யோசிக்கவும் நேரமில்லை. விட்டுவிட்டேன். ஃபுல்ஸ்டாப் வர வேண்டிய இடத்தில் இரண்டு இடம் மட்டும் தள்ளிவிட்டு ஓடினேன். கமா போட்டேன், செமிகோலன் போட்டேன், ஒரு ஃபுல்ஸ்டாப் போடவில்லை. நூலகத்துக் கிரேக்கன் பிறப்பதற்கு முந்திய காலத்துக்கு என் தாள் போய்விட்டது. மணி அடித்தபோது பாடத்தை முடித்திருந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. தாளை வாங்கிய ஆள் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கடிதமும் பட்டியலும் அடிக்க வேண்டிய இரண்டாவது தாளில் என்ன அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

வெளியே அம்மா, கையில் குடை இருந்தும், சாரலில் நனைந்துபோய் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிவந்தாள். “என்னத்தா, புள்ளியெல்லாம் நல்லா விழுந்துச்சா?”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அடக்கியிருப்பேன். அந்த நடுத்தெருவில், பெட்டிக்கடைக்காரர் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். “நீ வச்ச பொட்டுதேன் என்னயக் கவுத்துச்சு! யாரு உன்னய மிசினத் தொறக்கச் சொன்னா? ஒன்னும் தெரியலேன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே? போச்சு, எல்லாம் போச்சு!” என்ன நடந்தது என்பதையும் அழுகைக்கு நடுவில் சொன்னேன். எனக்கு அப்போது உலகத்திலேயே ஆகாதவள் அவள்தான்.

அம்மா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வழக்கம்போல உலை வைத்தாள், வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கினாள். அப்பா, “எப்புடி எழுதுனா?” என்று கேட்டதற்கு, “எழுதியிருக்கா” என்றாள். அதற்குப் பிறகு இன்ஸ்டிட்யூட் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

ரிசல்ட் வரும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்தேன். கட்டிய சரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். எத்தனை புள்ளி விட்டேன், எத்தனை மார்க் போயிருக்கும் என்று மனதுக்குள் கூட்டிக் கழித்தால் ஒரு தடவை தேறுவேன், மறு தடவை தேற மாட்டேன். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் நல்ல மனிதராக இருந்து, இரண்டு இடம் விட்டிருக்கிறாளே, இவளுக்குப் புள்ளி தெரியும் என்று நினைக்க மாட்டாரா என்றுகூட ஆசைப்பட்டேன். பொழுது விடிந்தால் பாய் சாரிடம் ஓடுவேன். “இன்னும் வரலம்மா” என்று அவர் நான் படி ஏறும்போதே சொல்லிவிடுவார். ஒருநாள் அப்படிச் சொல்லாமல் எழுந்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சொன்ன சொல்லு ஞாவகம் இருக்குல்ல?” என்றார். அவ்வளவுதான்.

தை பிறந்த முதல் நல்ல நாளில் சித்தையன்கோட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பேச்சு வார்த்தைக்கு ஒரு பெரியவர். மாப்பிள்ளை வரவில்லை. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் வைத்துக் கூடத்தில் இறக்கினார்கள். நான் உள்ளறையில் புதுச்சேலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தேன். கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. பெரியவர் தொண்டையைச் செருமினார். “என்ன, மாத்திருவமா? புள்ளக்கி ஏதோ பரீச்சன்னு சொன்னீக, அது என்னாச்சு?”

“அது போச்சுங்க. அதுக்கென்ன, பொம்பளப் புள்ளக்கி அதெல்லாம் வேணுமா?” என்றார் அப்பா. தட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். காப்பிச் செம்பு கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“அவ தோக்கல. நான்தேன் தோக்க வச்சேன். எனக்கு எழுத்து தெரியாது. அந்த மிசினுல எனக்குத் தெரிஞ்சது ஒத்தப் புள்ளி. அது மேல சந்தனத்த அப்புனது நானு. அது ஒட்டிக்கிருச்சு. நான் வச்ச பொட்டுக்கு இவ எதுக்குக் கழுத்த நீட்டணும்? இன்னொருக்க எழுதட்டும்.”

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, “என்ன மதினி சொல்றீக, என்ன பொட்டு?” என்றாள். அப்பாவின் முகம் செத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏய், உள்ள போ” என்றார்.

“போறேன்” என்றாள் அம்மா. குனிந்து அந்தத் தட்டைத் தூக்கினாள். பழம் உருளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அடுப்படிக்குள் போய்விட்டாள். மாற்றிக்கொள்ளத் தட்டு இல்லாமல் நிச்சயம் ஏது? பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் பின்வாசல் வழியாக ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வியர்த்துக் கொட்டியது. கூடத்தில் செருப்பு மாட்டும் சத்தமும் அப்பா சமாதானம் சொல்லும் சத்தமும் கேட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“அடுத்த பரீச்ச எப்ப?”

“சித்திரையிலம்மா.”

“சித்திரை வரைக்கும் வெத்தல தாங்காது, வாடிப்போகும்” என்றாள். தட்டிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.